மொரோக்கோ: பெர்பர்களின் அரசா, அரபியரின் அரசா?

கேள்வி: கடற்காகம்

மொரோக்கோவின் வரலாற்றைத் தொடக்கம் முதல் வாசித்து வருகையில் ஒரு முரண்பாட்டில் வந்து நிற்கிறேன். விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் பெரிதும் உதவியாக இருக்கும்.

ஏழாம் நூற்றாண்டின் இறுதியிலும் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் அரபுப் படைகள் அட்லாண்டிக் கரை வரை வந்தன, அங்கு வாழ்ந்த பெர்பர் மக்கள், அதாவது தங்களை அமாசிக் என்று அழைத்துக்கொள்ளும் மக்கள், இஸ்லாத்தைத் தழுவினர் என்ற அளவிலேயே பொதுவான வரலாற்று நூல்கள் நின்றுவிடுகின்றன. ஆனால் அதற்குப் பின் வந்த பேரரசுகளைப் பார்த்தால், முராபித்துகள், முவஹ்ஹிதுகள், மரீனிகள் ஆகிய மூன்று வம்சங்களுமே பெர்பர் குலங்களிலிருந்து எழுந்தவை. பதினோராம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் பதினைந்தாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, ஏறத்தாழ 400 ஆண்டுகள், ஆட்சி அவர்கள் கையில்தான் இருந்தது. அப்படியிருந்தும் அரசவையின் மொழியும் சட்டத்தின் மொழியும் கல்வியின் மொழியும் அரபியாகவே நிலைத்தன. சமவெளி மக்களின் பேச்சுமொழியும் அந்தக் காலத்தில்தான் அரபியாக மாறத் தொடங்கியது. பிறகு பதினாறாம் நூற்றாண்டிலிருந்து இன்றுவரை, நபிகளாரின் வழித்தோன்றல்கள் என்று உரிமை கோரும் ஷரீஃப் குடும்பங்களே அரியணையில் அமர்ந்திருக்கின்றன.

ஆட்சி பெர்பர்களிடம் இருந்தபோது அரபி மொழி ஏன் வளர்ந்தது? பெர்பர் குலங்கள் அவ்வளவு வலிமையாக இருந்த நாட்டில் அரபு வம்சாவளி ஏன் அரியணைக்குரிய தகுதியாக மாறியது? இந்த அரசை யாருடைய அரசு என்று சொல்வது?

மறுமொழி: சுவடித்தேடல்

நீங்கள் சுட்டும் முரண்பாடு உண்மையானது. ஆனால் அதை வென்ற இனம், தோற்ற இனம் என்ற கணக்கில் வைத்துப் பார்த்தால் விடை கிடைக்காது. 711இல் ஸ்பெயினுக்குள் நுழைந்த தாரிக் இப்னு ஸியாதின் படையில் பெரும்பாலோர் பெர்பர்களே என்பதை நாம் அறிவோம். அதைவிட முக்கியமான ஆண்டு 740 என்பது என் கருத்து.

டமாஸ்கஸிலிருந்து ஆண்ட உமய்யா கலீஃபாக்களின் ஆளுநர்கள் இஸ்லாத்தை ஏற்றுக்கொண்ட பெர்பர்களையும் தோற்கடிக்கப்பட்ட குடிகளைப் போலவே நடத்தினார்கள். முஸ்லிம்கள் மீது விதிக்கக் கூடாத வரிகளை விதித்தார்கள்; அடிமைகளாக அனுப்ப ஆட்களையும் கேட்டார்கள். ஈமானில், அதாவது இறைநம்பிக்கையில், சமம் என்று சொல்லிக்கொடுத்த மதத்தை ஏற்ற பின்னும் சமமாக நடத்தப்படாத மக்கள், அந்த மதத்தின் பெயராலேயே தஞ்சியர் பகுதியில் மைசரா என்பவரின் தலைமையில் கிளர்ந்தெழுந்தார்கள். மறு ஆண்டில் டமாஸ்கஸிலிருந்து கலீஃபா ஹிஷாம் அனுப்பிய பெரும்படையையும் அவர்கள் முறியடித்தார்கள். அதன் பிறகு கிழக்கிலிருந்த எந்தக் கலீஃபாவும் மொரோக்கோவை நேரடியாக ஆளவில்லை. உமய்யாக்களை அடுத்து வந்த அப்பாசியர்களாலும் முடியவில்லை. பிற்காலத்தில் அல்ஜியர்ஸ் வரை வந்த உஸ்மானியப் பேரரசாலும் முடியவில்லை. கிளர்ச்சி செய்தவர்கள் இஸ்லாத்தைக் கைவிடவில்லை, ஆளுநர்களைத்தான் விரட்டினார்கள். மொரோக்கோவின் நீண்ட தனித்தன்மைக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

அடுத்து வந்தவர் இத்ரீஸ் இப்னு அப்துல்லாஹ். நபிகளாரின் பேரர் ஹசனின் வழியில் வந்த இவர், 786இல் மக்காவுக்கு அருகில் அப்பாசியர்களுக்கு எதிராக நடந்து தோல்வியில் முடிந்த கிளர்ச்சியிலிருந்து தப்பி, ராஷித் என்ற விசுவாசமான துணைவருடன் எகிப்து வழியாக மேற்கே வந்து சேர்ந்தார். அவரிடம் படையும் இல்லை, செல்வமும் இல்லை. ரோமானியர் மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் கைவிட்டுச் சென்ற வொலுபிலிஸ் நகரைச் சூழ்ந்து வாழ்ந்த அவ்ரபா என்ற பெர்பர் குலத்தினர்தான் அவரை 789 அளவில் தங்கள் இமாமாக ஏற்றுக்கொண்டார்கள். இரண்டே ஆண்டுகளில் அவர் நஞ்சு வைத்துக் கொல்லப்பட்டார். ஏவியவர் ஹாரூன் அல் ரஷீத் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. அப்போது கருவுற்றிருந்த அவருடைய பெர்பர் மனைவி கன்ஸாவுக்குப் பிறந்த மகனே இரண்டாம் இத்ரீஸ். அவர் ஃபெஸ் நகரை வளர்த்தெடுத்தார். 818இல் கொர்டோபாவிலிருந்து துரத்தப்பட்ட மக்கள் ஆற்றின் ஒரு கரையிலும், துனிசியப் பகுதியின் கைரவான் நகரிலிருந்து வந்தவர்கள் மறுகரையிலும் குடியேறினார்கள். அரபி பேசும் நகரம் ஒன்று பெர்பர் குலங்களின் பாதுகாப்பில் வளர்ந்தது. இத்ரீசிய அரசு முழு மொரோக்கோவையும் ஒருபோதும் ஆண்டதில்லை. 828இல் இரண்டாம் இத்ரீஸ் இறந்ததும் அது பிள்ளைகளிடையே பங்கிடப்பட்டது. ஆயினும், பெர்பர் குலத்தின் வாளும் நபிகளாரின் குடும்பப் பெயரும் சேர்ந்தால் அரசு உருவாகும் என்ற முன்மாதிரி அதனால் நிலைபெற்றது.

இனி உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். முராபித்துகள் சஹாராவின் ஸன்ஹாஜா குலத்தினர். ஆண்களே முகத்தை மறைத்துத் துணி கட்டும் வழக்கம் உடையவர்கள். சுன்னி சட்ட மரபுகளில் ஒன்றான மாலிகி மரபைச் சேர்ந்த அப்துல்லாஹ் இப்னு யாசீன் என்ற அறிஞரின் போதனையால் ஒன்றுபட்டவர்கள். இவர்களிலிருந்து எழுந்த யூசுஃப் இப்னு தாஷ்ஃபீன், புதிதாக எழுப்பப்பட்ட மராகிஷைத் தலைநகராகக் கொண்டு, 1086இல் ஸல்லாக்கா போரில் கஸ்தீலிய மன்னர் ஆறாம் அல்ஃபோன்ஸோவைத் தோற்கடித்தார். அவ்வளவு வலிமை இருந்தும் அவர் தம்மைக் கலீஃபா என்று அழைத்துக்கொள்ளவில்லை. 'முஸ்லிம்களின் தலைவர்' என்ற பட்டத்தை மட்டும் சூடி, பாக்தாதின் கலீஃபாவை ஒப்புக்கொண்டார். ஏனெனில் இவர்களுடைய ஆட்சியுரிமை குலப்பெருமையிலிருந்து வரவில்லை. மாலிகி சட்டத்தை நிலைநாட்டுவதிலிருந்து வந்தது. அந்தச் சட்டம் அரபியில் இருந்தது, அதை விளக்கிய காழிகள், அதாவது நீதிபதிகள், அரபியில் எழுதினார்கள், அரசுக் கடிதங்களை வரைவதற்கு முஸ்லிம் ஸ்பெயினான அந்தலூஸிலிருந்து எழுத்தர்கள் வரவழைக்கப்பட்டார்கள். ஆள்பவர் வீட்டில் எந்த மொழி பேசினாலும், அவருடைய ஆணை அரபியில் வெளிவந்தால்தான் செல்லுபடியானது.

சமவெளிகளின் பேச்சுமொழி மாறியது வேறொரு காரணத்தால். பனூ ஹிலால் முதலிய அரபு நாடோடிக் குலங்கள் பதினோராம் நூற்றாண்டின் நடுவில் எகிப்திலிருந்து துனிசியப் பகுதிக்குள் நுழைந்தன. 1153இல் ஸெத்திஃபுக்கு அருகில் அவர்களைத் தோற்கடித்த முவஹ்ஹிது கலீஃபா அப்துல் முஃமின், அவர்களை அழிக்காமல் தம் படையில் சேர்த்துக்கொண்டார். அவருடைய பேரர் யஃகூப் அல் மன்சூர் மேலும் பல குலங்களை அட்லாண்டிக் சமவெளிகளில் குடியேற்றினார். தம்மை எதிர்க்கக்கூடிய உள்நாட்டுக் குலங்களுக்கு எதிர்ச்சுமையாக, உள்ளூரில் உறவும் வேரும் இல்லாத படையினர் அவர்களுக்குத் தேவைப்பட்டனர். ஆகவே மொரோக்கோவின் சமவெளி கிராமங்கள் அரபி பேசத் தொடங்கியதற்கு, எட்டாம் நூற்றாண்டின் படையெடுப்பைவிடப் பன்னிரண்டாம் நூற்றாண்டின் பெர்பர் கலீஃபாக்களுடைய கொள்கையே பெரிய காரணம் என்று சொல்லத் தோன்றுகிறது.

மறுமொழி: தின்மல்வழி

சுவடித்தேடல் எழுதியவற்றில் பெரும்பகுதியை ஏற்கிறேன். எனினும் முவஹ்ஹிதுகளைப் பற்றி இன்னும் சில செய்திகளைச் சேர்க்காவிட்டால், பெர்பர் அரசர்கள் தங்கள் மொழியைப் பொருட்படுத்தவே இல்லை என்ற தவறான எண்ணம் வாசிப்பவர்களுக்கு உண்டாகிவிடும்.

முவஹ்ஹிது இயக்கத்தைத் தொடங்கிய இப்னு தூமர்த், உயர் அட்லஸ் மலையின் மஸ்மூதா குலங்களிடையே தின்மல் என்ற ஊரில் இருந்துகொண்டு, இறைவனின் ஏகத்துவம் பற்றிய தம் கோட்பாட்டை மலைமக்களின் மொழியிலேயே போதித்தவர். 1130இல் அவர் இறந்த பின் அப்துல் முஃமின் 1147இல் மராகிஷைக் கைப்பற்றினார். வெற்றிக்குப் பிறகும் அம்மொழி மலையோடு நின்றுவிடவில்லை: ஃபெஸ் நகரின் கரவிய்யீன் பள்ளிவாசலில் குத்பா, அதாவது வெள்ளிக்கிழமைச் சொற்பொழிவு, நிகழ்த்துபவர் பெர்பர் மொழி அறிந்தவராக இருக்க வேண்டும் என்று முவஹ்ஹிதுகள் வற்புறுத்தினார்கள். கற்றறிந்த அரபி நகரின் நடுவில், மலைமக்களின் மொழி மேடை ஏறிய காலம் அது. இதை வரலாற்றின் ஒரு சிறு குறிப்பாகக் கடந்துபோக எனக்கு மனம் வருவதில்லை.

ஆனால் அதே இப்னு தூமர்த் தம்மை நபிகளாரின் வழித்தோன்றல் என்றார். தம்மை மஹ்தி, அதாவது இறுதிக் காலத்தில் வருவார் என்று எதிர்பார்க்கப்படும் வழிகாட்டி, என்றும் அறிவித்தார். ஸனாத்தா குலங்களில் ஒன்றில் பிறந்த அப்துல் முஃமின், அரபியரின் கைஸ் குலத்தோடு தம் வம்சத்தை இணைத்துக்காட்டினார். மொழியைப் பெருமையோடு பேசிய அதே மனிதர்களுக்கு, தலைமைக்கு உரிமை கோரும்போது அரபு வம்சாவளி தேவைப்பட்டது. இதைப் பொய் என்று எளிதில் ஒதுக்கிவிட முடியாது. பாக்தாதின் கலீஃபாவை ஏற்றுக்கொண்ட முராபித்துகளைப் போலன்றி, முவஹ்ஹிதுகள் தாங்களே கலீஃபாக்கள் என்றார்கள். கிலாஃபத்துக்கு நபிகளாரின் குலமான குறைஷிக் குலத்தில் பிறப்பு வேண்டும் என்று சட்ட அறிஞர்கள் பெரும்பாலோர் கருதிய காலத்தில், வம்சாவளி என்பது அரசியல் சட்டத்தின் ஒரு பகுதி.

தமிழ் வாசகர்கள் அறிந்த ஒருவரையே எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். மதுரை சுல்தான் கியாஸுத்தீனின் அவைக்கும், இலங்கையில் ஆரியச் சக்கரவர்த்தியின் அவைக்கும் வந்துசென்ற இப்னு பத்தூத்தா, 1304இல் தஞ்சியரில் லவாத்தா என்ற பெர்பர் குலத்தின் வழியில் பிறந்தவர். அவர் ஊர் திரும்பியபோது ஃபெஸில் ஆண்டவர் அபூ இனான் என்ற மரீனி சுல்தான், அவரும் பெர்பர். அந்தப் பெர்பர் சுல்தானின் ஆணைப்படி, அந்தலூஸைச் சேர்ந்த இப்னு ஜுஸைய் என்ற எழுத்தர் இப்னு பத்தூத்தா சொல்லச்சொல்ல அரபியில் எழுதினார். இவர்கள் எவருக்கும் இதில் முரண்பாடு தெரிந்திருக்காது. அரபி அவர்களுக்கு அயலார் மொழி அன்று. மதுரையிலிருந்து மாலி வரை தங்களை அறிந்துகொள்ளச் செய்த மொழி.

தின்மலில் முவஹ்ஹிதுகள் எழுப்பிய பள்ளிவாசல் 2023 செப்டம்பர் நிலநடுக்கத்தில் கடுமையாகச் சிதைந்தது. பல நூற்றாண்டுகள் நின்ற சுவர்கள் ஒரே இரவில் சரிந்த செய்தி இன்றும் வருத்துகிறது.

கேள்வி கேட்டவர்: கடற்காகம்

இருவருக்கும் மிக்க நன்றி. மொழியைப் பற்றிய என் ஐயம் பெருமளவு தீர்ந்தது. ஆனால் முராபித்துகளும் மரீனிகளும் ஷரீஃப் என்ற உரிமை இல்லாமலேயே ஆண்டார்கள் அல்லவா? பதினாறாம் நூற்றாண்டுக்குப் பிறகு மட்டும் அது ஏன் தவிர்க்க முடியாததாகிவிட்டது? அந்த மாற்றம் மேலிருந்து வந்ததா, மக்களிடமிருந்து வந்ததா என்பதையும் அறிய விரும்புகிறேன்.

மறுமொழி: சூஸ்வாசகன்

இரண்டு திசைகளிலிருந்தும் வந்தது. ஆனால் முதல் தள்ளுதல் மேலிருந்துதான் வந்தது என்பது என் கணிப்பு. 1248இல் ஃபெஸையும் 1269இல் மராகிஷையும் கைப்பற்றிய மரீனிகளுக்கு, முந்தைய இரு வம்சங்களுக்கும் இருந்ததைப் போன்ற சமயச் சீர்திருத்தக் குரல் இல்லை. குதிரைப்படையின் வலிமையால் ஆட்சிக்கு வந்தவர்கள், அதற்கு மதிப்பு தேட வேண்டியிருந்தது. அழகிய மதரஸாக்களைக் கட்டினார்கள். ஃபெஸில் அபூ இனான் கட்டிய மதரஸா இன்றும் நிற்கிறது. ஷரீஃப் குடும்பங்களுக்கு மானியங்களும் சலுகைகளும் வழங்கினார்கள். 1437இல் ஃபெஸில் இரண்டாம் இத்ரீஸின் உடல் கண்டெடுக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டு, அவ்விடம் பெரும் தலமாக வளர்ந்தது. பிறர் மதிப்பை நாடி வளர்த்த அந்தப் பெருமதிப்பு, வளர்த்தவர்களுக்கே எதிராகத் திரும்பியது: 1465இல் ஃபெஸ் மக்கள் கிளர்ந்தெழுந்து கடைசி மரீனி சுல்தான் அப்துல் ஹக்கைக் கொன்றபோது, நகரின் தலைமையை ஏற்க அவர்கள் அழைத்தது இத்ரீசிய வழிவந்த ஒரு ஷரீஃபை.

மக்களிடமிருந்து எழுந்த வேகம் கடலோரத்தில் உருவானது. போர்த்துகீசியர் 1415இல் செயுத்தாவைப் பிடித்தார்கள். அடுத்த நூறாண்டில் தஞ்சியர், அகாதிர், சாஃபி, அஸெம்மூர் என ஒவ்வொரு துறைமுகமாக அவர்கள் கைக்குச் சென்றது. மரீனிகளுக்குப் பின் ஃபெஸில் ஆண்ட வத்தாஸி சுல்தான்களால் தடுக்க முடியவில்லை. நாட்டைக் காக்கும் பொறுப்பை ஸாவியாக்கள், அதாவது சூஃபி மடங்கள், எடுத்துக்கொண்டன. தெற்கில் சூஸ் பகுதியின் பெர்பர் மக்கள், திரா பள்ளத்தாக்கில் வாழ்ந்த ஸஅதி என்ற ஷரீஃப் குடும்பத்தின் தலைவரை 1510 அளவில் தங்கள் தலைமைக்கு அழைத்தார்கள். அவரும் பெரும்படை கொண்டவர் அல்லர். குலங்களுக்குள் ஒருவர் மற்றவரின் தலைமையை ஏற்கத் தயங்கும் நிலையில், எந்தக் குலத்துக்கும் உரியவராக இல்லாத, எல்லோரும் மதிக்கும் வம்சத்தவர் ஒருவரே அவர்களை ஒன்றுசேர்க்க முடிந்தது. ஷரீஃப் ஆட்சியின் நடைமுறைப் பயன் இதுதான். 1541இல் ஸஅதிகள் அகாதிரை மீட்டதும், 1578 ஆகஸ்ட் 4 அன்று வாதி அல் மகாஸினில் போர்த்துகீசிய மன்னர் செபாஸ்தியான் கொல்லப்பட்டதும் இந்தத் தலைமைக்கு அசைக்க முடியாத மதிப்பைத் தேடித்தந்தன.

எதிர்ப்பக்கச் சான்றும் உண்டு. ஸஅதி அரசு சிதைந்த பதினேழாம் நூற்றாண்டில், மத்திய அட்லஸின் தீலா என்ற பெர்பர் மடம் ஃபெஸ் உட்பட வட மொரோக்கோவின் பெரும்பகுதியைத் தன் ஆளுகைக்குள் கொண்டுவந்தது. கல்வியும் படையும் அவர்களிடம் இருந்தன. அரியணைக்கு மிக நெருங்கி வந்த அவர்களைத் தாண்டி, தாஃபிலால்த் பாலைவனச் சோலையிலிருந்து வந்த அலவி ஷரீஃப்கள் 1666இல் ஃபெஸைப் பிடித்தார்கள். 1668இல் தீலா மடம் இடிக்கப்பட்டது. அன்று வந்த வம்சமே இன்றும் ஆள்கிறது.

ஒன்றை இங்கே அழுத்தமாகச் சொல்ல வேண்டும். ஷரீஃப் என்ற மதிப்பு ஆட்சியைத் தொடங்கிவைத்தது. ஆட்சியை நடத்தியது அதுமட்டும் அன்று. ஸஅதி சுல்தான் அஹ்மத் அல் மன்சூர் 1591இல் சஹாராவைக் கடந்து துப்பாக்கிப் படையை அனுப்பி, முஸ்லிம் அரசான சோங்காயைத் தகர்த்தார். திம்புக்துவின் பேரறிஞர் அஹ்மத் பாபா விலங்கிட்டு மராகிஷுக்குக் கொண்டுவரப்பட்டார். 1672 முதல் 1727 வரை ஆண்ட மௌலாய் இஸ்மாயீல், அரபுக் குலங்களையும் பெர்பர் குலங்களையும் ஒருசேரச் சார்ந்திராமல் இருக்கக் கறுப்பின மக்களைத் திரட்டிப் பெரும்படை ஒன்றை அமைத்தார். அவர்களில் பலர் அடிமைகளே அல்லர், தலைமுறைகளாகச் சுதந்திரமாக வாழ்ந்த முஸ்லிம்கள். அவர்களை அடிமைகளாக்குவதற்கு ஒப்புதல் தர மறுத்த ஃபெஸ் அறிஞர் அப்துஸ்ஸலாம் ஜஸூஸ் 1709இல் கொல்லப்பட்டார். இந்த அரசின் வரலாற்றை அரபியர், பெர்பர் என்ற இரண்டு பெயர்களுக்குள் எழுதும்போது மறைந்துபோகும் மக்கள் இவர்கள். சுல்தானின் கட்டளைக்கு முன் சட்டத்தைப் பற்றிக்கொண்டு நின்ற ஜஸூஸின் பெயர், அந்தச் சுல்தான் மெக்னெஸில் கட்டிய அரண்மனைகளின் பெயரைவிட அதிகமாக நினைக்கப்பட வேண்டியது.

மறுமொழி: மலைச்சரிவு

'யாருடைய அரசு' என்ற உங்கள் கடைசிக் கேள்வியை எவரும் தொடவில்லை. அந்தக் கேள்வி இன்று நாம் கேட்கும் வடிவத்தில் எழுந்தது பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் என்பதால் அங்கிருந்து தொடங்குகிறேன்.

1912 மார்ச் 30 அன்று கையொப்பமான ஃபெஸ் உடன்படிக்கையால் மொரோக்கோ பிரான்சின் பாதுகாப்பு ஆட்சிக்குள் வந்தது. வடக்கும் தெற்கோரமும் ஸ்பெயினுக்குச் சென்றன. குலங்களிடையே மாறிமாறி வந்த உடன்பாடுகளையும் பிணக்குகளையும், அரபியருக்கும் பெர்பர்களுக்கும் இடையிலான நிரந்தரப் பகையாகப் பிரெஞ்சு அதிகாரிகள் வாசித்தார்கள். 1930 மே 16 ஆணை அந்த வாசிப்பையே சட்டமாக்கியது: பெர்பர் பகுதிகள் ஷரீஅத் நீதிமன்றங்களிலிருந்து விலக்கப்பட்டு வழக்காற்று மன்றங்களின் கீழும், குற்ற வழக்குகளில் பிரெஞ்சு நீதிமன்றங்களின் கீழும் வைக்கப்பட்டன. ஸலேயிலும் ஃபெஸிலும் பள்ளிவாசல்களில் திரண்ட மக்கள், பேரிடர்க் காலத்துக்குரிய லத்தீஃப் துஆவை ஓதி, 'எங்கள் பெர்பர் சகோதரர்களிடமிருந்து எங்களைப் பிரித்துவிடாதே' என்று இறைவனிடம் வேண்டினார்கள். மொரோக்கோ தேசிய இயக்கம் தெருவுக்கு வந்தது அந்த வேண்டுதலோடுதான்.

இன அடிப்படையில் மக்கள் பிரிந்து நின்றார்கள் என்பதற்கு அக்காலச் செய்திகள் இடம் தரவில்லை. 1921இல் அன்வாலில் ஸ்பானியப் படையைச் சிதறடித்து ரீஃப் குடியரசை அமைத்த அப்துல் கரீம் அல் கத்தாபி பெர்பர். 1953இல் சுல்தான் ஐந்தாம் முஹம்மதை நாடுகடத்தப் பிரான்சுக்குத் துணைநின்ற மராகிஷ் பாஷா தாமி அல் கிலாவியும் பெர்பர். 1955 நவம்பரில் சுல்தான் திரும்பி வந்தார்; 1956 மார்ச் 2 அன்று நாடு விடுதலை பெற்றது.

ஆனால் விடுதலைக்குப் பின் நடந்ததை மென்மையாகச் சொல்லிக் கடந்துவிட முடியாது. 1930 ஆணை விட்டுச்சென்ற அச்சத்தால், அமாசிக் மொழியைப் பற்றிப் பேசுவதே நாட்டைப் பிரிக்கும் முயற்சி என்று பல ஆண்டுகள் கருதப்பட்டது. 1958, 1959 ஆண்டுகளில் ரீஃப் மக்களின் கிளர்ச்சி படைபலத்தால் கொடுமையாக ஒடுக்கப்பட்டது. பள்ளியும் நீதிமன்றமும் அரபியிலும் பிரெஞ்சிலும் நடந்தன. வீட்டுமொழியை மட்டும் அறிந்த மலைக்கிராமத்து மூதாட்டி, தன் நிலவழக்கைத் தானே எடுத்துரைக்க முடியாத நிலை இருந்தது. பெர்பர் சுல்தான்கள் அரபியை ஏற்றதையும் நவீன அரசு அமாசிக்கை ஒதுக்கியதையும் ஒன்றாக வைத்துப் பேசுபவர்களை நான் ஏற்க மாட்டேன். முன்னதில் மக்களின் பேச்சுமொழி எதுவாக இருக்க வேண்டும் என்று அரசு கேட்கவில்லை. பின்னதில் கட்டாயக் கல்வியும் அலுவலகமும் ஒவ்வொரு குழந்தையையும் தேடிவந்தன.

திருப்பம் 2001இல் தொடங்கியது. மன்னர் ஆறாம் முஹம்மது அக்டோபர் 17 அன்று அஜ்திரில் ஆற்றிய உரையைத் தொடர்ந்து அமாசிக் பண்பாட்டுக்கான அரச நிறுவனம் அமைந்தது. (அவருடைய தாயாரும் மத்திய அட்லஸின் அமாசிக் குடும்பத்தைச் சேர்ந்தவர்.) 2003இல் பழைய திஃபினாக் எழுத்து அதிகாரபூர்வமாக ஏற்கப்பட்டு, சில தொடக்கப் பள்ளிகளில் பாடம் தொடங்கியது. 2011 அரசமைப்பின் ஐந்தாம் பிரிவு, அரபியோடு அமாசிக்கையும் ஆட்சிமொழியாக்கியது. அதன் முகவுரை அரபு இஸ்லாமிய, அமாசிக், சஹாரா ஹஸ்ஸானிய அடையாளங்களோடு ஆப்பிரிக்க, அந்தலூஸிய, எபிரேயக் கூறுகளையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. உங்கள் கேள்விக்கு அரசே எழுத்தில் தந்த விடை அந்த முகவுரைதான்; அதில் ஒற்றைப் பெயர் இல்லை.

விடை எழுதப்பட்டதற்கும் நடைமுறைக்கும் இடையில் தொலைவு அதிகம். ஐந்தாம் பிரிவைச் செயல்படுத்தும் சட்டம் 2019இல்தான் வந்தது. அமாசிக் புத்தாண்டு தேசிய விடுமுறையாக 2023இல்தான் அறிவிக்கப்பட்டது. அமாசிக் ஆசிரியர்கள் இல்லாத பள்ளிகள் இன்னும் ஏராளம். அந்த ஆசிரியர்களை எவ்வளவு விரைவாக நியமிக்கிறார்கள் என்பதையே இனி கவனித்து வர வேண்டும்.